தகட்டைக் கடக்கும் ஹைட்ராலிக் லைன்: எந்தக் கோணம், எந்த எஃகு?

கடலூர் சிப்காட் வளாகத்தில் ஒரு தொழிற்கூடத்தின் பராமரிப்பைக் கவனிக்கும் நண்பர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கூடத்துக்குள் வெப்பம் மிகுந்ததால், ஹைட்ராலிக் பிரஸ்ஸின் பவர் பேக்கை (பம்பும் எண்ணெய்த் தொட்டியும் சேர்ந்த தொகுதியை) வெளியே கொண்டுவந்து, 8 மி.மீ. எஃகுத் தகட்டாலான ஒரு கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். பம்பு நிமிடத்துக்கு 40 லிட்டர் எண்ணெய் தள்ளுகிறது. வேலை அழுத்தம் 210 பார். வால்வுத் தொகுதி பிரஸ்ஸின் மீதே இருப்பதால் பிரஷர், ரிட்டர்ன், பைலட் டிரெயின் (வால்வுகளை இயக்கிய சிறிதளவு எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் வழி) ஆகிய மூன்று லைன்கள் கூண்டின் பக்கத் தகட்டைக் கடக்கின்றன. உள்ளே எஃகுக் குழாய், வெளியே ரப்பர் ஹோஸ். ஹோஸ்கள் கூண்டிலிருந்து அரை மீட்டர் தள்ளியிருக்கும் தரைக்கால்வாய்க்குள் இறங்கி பிரஸ்ஸுக்குப் போகின்றன. இப்போது மாட்டியிருக்கும் 90 டிகிரி பல்க்ஹெட் எல்போக்கள் (தகட்டின் துளையில் நுழைத்து லாக் நட்டால் இறுக்கும் வளைந்த இணைப்புகள்) துருவேறியிருக்கின்றன. ஹோஸ் சேரும் இடத்தில் கசிவு திரும்பத் திரும்ப வருகிறது. 45 டிகிரிக்கு மாறலாமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்க வேண்டுமா, மரை எந்த வகையாக இருக்க வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரஷர் லைனுக்கும் ரிட்டர்ன் லைனுக்கும் 45 டிகிரி எல்போ, கோணக்கால் கூண்டுக்கு வெளியே கீழ்நோக்கி, லாக் நட் கூண்டுக்கு உள்ளே. டிரெயின் லைனுக்குக் கோணமே வேண்டாம். நேர் பல்க்ஹெட் போதும். மூன்றுமே 24 டிகிரி கூம்பு வகை. பிரஷர் லைன் எஸ் வரிசையில் 16, ரிட்டர்ன் எல் வரிசையில் 28, டிரெயின் எல் வரிசையில் 12 (எஸ் என்பது கனத்த வரிசை, எல் என்பது இலகு வரிசை; எண், குழாயின் வெளிவிட்டம் மி.மீ. கணக்கில்). பூச்சு ஜிங்க்-நிக்கல், அமில ஆவி நேரடியாக வந்து படும் இடமாக இருந்தால் மட்டும் மறுபரிசீலனை. இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால்தான் உங்கள் கூண்டின் அமைப்பு நான் எண்ணியதிலிருந்து வேறுபடும் இடத்தில் நீங்களே மாற்றிக்கொள்ள முடியும்.

கோணத்திலிருந்து தொடங்குகிறேன். பல்க்ஹெட் ஃபிட்டிங்கை எண்ணெய் போகும் ஒரு மூட்டு என்று மட்டுமே பலரும் பார்க்கிறார்கள். அது மூட்டாக இருப்பதற்கு முன்பே ஒரு பிடிமானம். ஒருபுறம் அசையாத குழாயும் மறுபுறம் அசைந்துகொண்டே இருக்கும் ஹோஸும் சந்திக்கும் இடத்தில், அந்த அசைவு முழுவதையும் வாங்கித் தகட்டுக்குள் இறக்குவது அதன் முதல் வேலை. நேர் பல்க்ஹெட்டில் ஹோஸ் பக்கவாட்டில் ஆடினால் ஃபிட்டிங் சற்று சாய முயலும். ஆனால் தன் அச்சில் சுழல முயலாது. எல்போவின் நிலை வேறு. அதன் கோணக்கால் தகட்டுக்குச் செங்குத்தான அச்சிலிருந்து விலகி நீண்டிருப்பதால், அது ஹோஸின் கையில் கொடுக்கப்பட்ட ஒரு நெம்புகோலாகிவிடுகிறது. 90 டிகிரி எல்போவில் காலின் முழு நீளமும் நெம்புகோலாக நின்று, ஹோஸின் ஒவ்வொரு பக்கவாட்டு அசைவையும் லாக் நட்டைத் திருப்பும் விசையாக மாற்றுகிறது. 45 டிகிரியில் அந்த நீளம் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்காகக் குறைகிறது. பிரஸ் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அழுத்தம் ஏறி இறங்குகிறது. ஹோஸ் ஒவ்வொரு முறையும் துடிக்கிறது. அந்தத் துடிப்பு ஒரு வருடத்தில் லாக் நட்டை நூலளவு தளர்த்தினாலே போதும், எல்போ அசையத் தொடங்கும். அசையும் எல்போவில் எந்த மூட்டும் நெடுநாள் தாங்காது. உங்கள் இடத்தில் கசிவு ஹோஸ் நட்டில் தெரிந்தாலும், நோய் லாக் நட்டில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். எல்போவைக் கையால் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். சிறிதளவு ஆட்டம் தெரிந்தாலும் அதுதான் காரணம்.

ஆகவே பொது விதியாக நான் கொள்வது, லைன் போகும் பாதைக்குப் போதுமான கோணங்களுள் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுப்பது. கோணமே இல்லாமல் முடியும் என்றால் அதுவே மேல். கூண்டுக்குள் குழாய் திரும்ப வேண்டும் என்பதற்காக எல்போ வாங்குவதைவிட, நேர் பல்க்ஹெட் மாட்டிக் குழாயை வளைப்பது நல்லது. வளைத்த குழாய்க்குள் எண்ணெய் வழுக்கிக்கொண்டு போகும். எல்போவுக்குள் இரண்டு துளைகள் குறுக்காகச் சந்திக்கும் கூர்மையான மூலையில் மோதித் திரும்பும்.

இதைச் சொன்னவுடன், எல்போவால் அழுத்தம் வீணாகிறது என்ற அச்சமும் எழும். பிரஷர் லைனைப் பொறுத்தவரை அது தேவையற்ற அச்சம். 12 மி.மீ. உள்விட்டத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டர் போனால் வேகம் விநாடிக்கு 5.9 மீட்டர். ஒரு 90 டிகிரி எல்போவில் இழப்பு 0.2 பார் அளவில்தான் இருக்கும். 210 பாரில் இது கணக்கிலேயே வராது. 90-ஐ விட்டு 45-க்கு மாறச் சொல்வது அழுத்த இழப்புக்காக அல்ல, நெம்புகோலுக்காக.

உங்கள் கால்வாய் கூண்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருப்பதும் 45 டிகிரிக்கே சாதகமாக இருக்கிறது. 90 டிகிரி எல்போவிலிருந்து ஹோஸ் தகட்டை ஒட்டிச் செங்குத்தாக இறங்குகிறது. பிறகு கால்வாயை அடைய வெளியே வளைந்து, மறுபடி கீழே வளைய வேண்டியிருக்கிறது. அரை அங்குல ஆர்2 (இரண்டு அடுக்குக் கம்பி வலையுள்ள) ஹோஸின் மிகக் குறைந்த வளைவு ஆரம் ஏறத்தாழ 180 மி.மீ.; அதைவிட இறுக்கமாக வளைத்தால் உள்ளிருக்கும் கம்பி வலை இடம் பெயரும். அதோடு, ஹோஸ் கிரிம்ப் ஆகியிருக்கும் (உலோக முனையோடு நசுக்கிப் பொருத்திய) இடத்திலிருந்தே வளையத் தொடங்கக் கூடாது. சிறிது தூரமாவது நேராக வந்த பிறகே வளைய வேண்டும். 45 டிகிரியில் ஹோஸ் எல்போவை விட்டு இறங்கும் திசையும் கால்வாய் இருக்கும் திசையும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் ஒரே இயல்பான வளைவில் வேலை முடிந்துவிடும். கால்வாய் தகட்டை ஒட்டியே இருந்திருந்தால் நான் 90 டிகிரியைத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் காலுக்குக் கீழே ஹோஸைத் தாங்க ஒரு கிளாம்ப் கட்டாயம் என்ற நிபந்தனையோடு.

ஹோஸின் நீளத்தையும் இந்த வேளையில் சரிபார்த்துவிடுங்கள். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் 4 சதவீதம் வரை சுருங்கலாம், 2 சதவீதம் வரை நீளலாம். ஒன்றரை மீட்டர் ஹோஸ் என்றால் 60 மி.மீ. வரை சுருங்கக்கூடும். தொய்வே இல்லாமல் இழுத்து மாட்டிய ஹோஸ் ஒவ்வொரு அடிக்கும் எல்போவை இழுக்கும். பழைய ஹோஸ்களை அப்படியே பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், 45 டிகிரிக்கு மாறும்போது இந்தத் தொய்வு போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவுக்கு வருகிறேன். விநாடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்று கண்டுபிடிக்க, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை 21.2 ஆல் பெருக்கி, உள்விட்டத்தின் (மி.மீ.) வர்க்கத்தால் வகுத்தால் போதும். பிரஷர் லைனில் 4 முதல் 6 வரை, ரிட்டர்னில் 2 முதல் 3 வரை, சக்ஷனில், அதாவது பம்பு எண்ணெயை உறிஞ்சும் பக்கத்தில், ஒன்றை ஒட்டி என்று வைத்துக்கொள்வது வழக்கம். பிரஷர் லைனுக்கு 16 × 2 (வெளிவிட்டம் 16, சுவர்க் கனம் 2 மி.மீ.) குழாயும் 16 எஸ் ஃபிட்டிங்கும் 5.9 தருகின்றன, மேல் வரம்பை ஒட்டி இருந்தாலும் ஏற்கத்தக்கது. குழாயின் உள்விட்டத்தை மட்டும் பார்க்காமல் ஃபிட்டிங்கின் உள்துளையையும் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 16 எஸ்ஸில் அது 12 மி.மீ., 22 எல்லில் 19, 28 எல்லில் 24.

ரிட்டர்ன் லைனில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பம்பு 40 லிட்டர் தள்ளுகிறது, ஆகவே 40 லிட்டர்தான் திரும்பும் என்று எண்ணி 22 எல் வாங்குகிறார்கள். அந்தக் கணக்குப்படி வேகம் 2.35, பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் பிரஸ் சிலிண்டர் மேலே ஏறும்போது எண்ணெய் ராடு பக்கம் நுழைகிறது. பிஸ்டனின் முழுப் பரப்பு இருக்கும் மறுபக்கத்திலிருந்து வெளியேறுகிறது. இரண்டு பரப்புகளின் விகிதம் 2:1 என்றால் 40 லிட்டர் உள்ளே போக 80 லிட்டர் திரும்பி வருகிறது. 22 எல்லில் அப்போது வேகம் 4.7-க்கு ஏறிவிடும், ரிட்டர்ன் ஹோஸ் ஒவ்வொரு முறையும் உதைக்கும், அந்த உதை எல்போவுக்குத்தான் போகும். 28 எல் போட்டால் வேகம் 2.95, ஹோஸ் அமைதியாக இருக்கும். உங்கள் சிலிண்டரின் ராடு விட்டத்தையும் பிஸ்டன் விட்டத்தையும் எடுத்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ரிட்டர்ன் பக்கம் எல்போ அடிக்கடி தளர்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

பைலட் டிரெயினில் ஓட்டம் மிகக் குறைவு; 12 எல் தாராளம். அதை ரிட்டர்ன் லைனோடு தகட்டருகில் ஒன்றாக்கிவிடாதீர்கள். ரிட்டர்னில் வரும் அழுத்த அலை டிரெயினுக்குள் புகுந்தால் வால்வுகள் தாமாகவே தடுமாறும். தனியாகவே தொட்டிக்குப் போகட்டும். பம்பும் தொட்டியும் ஒரே கூண்டில் இருப்பதால் சக்ஷன் லைன் தகட்டைக் கடக்கவில்லை. அதை அப்படியே காப்பாற்றிக்கொள்ளுங்கள். சக்ஷனில் கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு மூட்டும் காற்று நுழைவதற்கு ஒரு வாசல். அங்கே எண்ணெய் வெளியே கசியாது என்பதால் குறையைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

மரையும் மூடும் முறையும் அடுத்தது. நம் சந்தையில் கிடைக்கும் பல்க்ஹெட் எல்போக்கள் பெரும்பாலும் மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவை. பழைய டிஐஎன் 2353 என்றும் இப்போது ஐஎஸ்ஓ 8434-1 என்றும் வழங்கும் 24 டிகிரி கூம்பு. ஐஎஸ்ஓ 8434-2-இல் வரும் 37 டிகிரி ஃப்ளேர், அதாவது கடைகளில் ஜேஐசி என்று கேட்பது. ஐஎஸ்ஓ 8434-3-இல் வரும் தட்டை முகத்தில் ஓ-ரிங் அமரும் ஓஆர்எஃப்எஸ். மூன்றுமே நல்லவைதான். அதிர்வு மிகுந்த இடத்தில், எடுத்துக்காட்டாக நெய்வேலிச் சுரங்கத்தில் ஓடுவது போன்ற மண் அள்ளும் இயந்திரங்களில், ஓஆர்எஃப்எஸ்ஸுக்கு நிகர் இல்லை. ஆனால் உங்களிடம் மில்லிமீட்டர் அளவுக் குழாய் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கட்டிங் ரிங் (குழாயைக் கடித்துப் பிடிக்கும் எஃகு வளையம்) போட்டு 24 டிகிரி கூம்பில் உட்கார்த்துவது உங்கள் ஆட்களுக்குப் பழகிய வேலை. வெளிப்பக்கம் ஹோஸின் முனையை ஓ-ரிங்கோடு வரும் 24 டிகிரி கூம்பாகக் கேட்டு வாங்குங்கள். ஓ-ரிங் இல்லாத வெறும் உலோகக் கூம்பு முனையை ஹோஸ் பக்கம் நான் ஏற்பதில்லை; ஹோஸின் அசைவை அந்த ஓ-ரிங்தான் மன்னிக்கும். டேப் சுற்றி இறுக்கும் என்பிடி போன்ற சரிவு மரை உள்ள எல்போக்களை இந்த இடத்துக்கு எடுக்கவே வேண்டாம். அவற்றைக் கசிவு நிற்கும் வரை இறுக்க வேண்டும், வேண்டிய திசையில் நிறுத்தவும் வேண்டும். இரண்டும் ஒருசேர அமைவது அரிது. டேப்பின் துணுக்குகள் வால்வுக்குள் போய்ச் சிக்குவது தனித் தொல்லை. தண்ணீர்க் குழாய்க்கான ஜி.ஐ. எல்போவை ரிட்டர்ன் லைனில்கூட மாட்டக் கூடாது.

24 டிகிரி குடும்பத்திலேயே ஒரு பெரிய பொறி இருக்கிறது. எல் வரிசையும் எஸ் வரிசையும் சில இடங்களில் ஒரே மரையைப் பகிர்ந்துகொள்கின்றன. 10 எஸ், 12 எல் இரண்டுக்கும் எம் 18 × 1.5. 14 எஸ், 15 எல் இரண்டுக்கும் எம் 22 × 1.5. 20 எஸ், 22 எல் இரண்டுக்கும் எம் 30 × 2. நான் உங்களுக்குச் சொல்லும் 28 எல்லின் மரையான எம் 36 × 2-தான் 25 எஸ்ஸுக்கும். நட்டு சுழன்று ஏறிவிடும். குழாயின் விட்டம் வேறு என்பதால் உள்ளே மூட்டு சரியாக அமராது. ஆகவே மரை அளவைச் சொல்லி வாங்காமல், குழாயின் வெளிவிட்டத்தையும் வரிசையையும் சேர்த்தே சொல்லுங்கள். உடலில் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் வாங்கும்போதே படித்துப் பாருங்கள்.

வேறு குடும்பங்களோடும் குழப்பம் நேரும். எம் 22 × 1.5 மரையும், ஜேஐசியில் 5/8 அங்குலக் குழாய்க்கு வரும் 7/8 அங்குல மரையும் (அங்குலத்துக்கு 14 இழை) கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஓரிரு சுற்று ஏறி இறுகிக்கொள்ளும். பழக்கம் இல்லாதவர் ஸ்பேனர் போட்டு அடித்து ஏற்றிவிடுவார். இன்னொன்று துறைமுகப் பக்கத்துக்கே உரியது. குளிர்பதன அறைகளிலும் ஏ.சி. வேலையிலும் வரும் பித்தளை ஃப்ளேர் ஃபிட்டிங்குகள் 45 டிகிரிக் கூம்பு உடையவை; அரை அங்குல அளவில் அவற்றின் மரையும் ஜேஐசியின் மரையும் ஒன்றே. கடலூர் முதுநகரிலும் தேங்காய்த்திட்டிலும் இரண்டு வகை வேலையும் ஒரே ஆட்கள் பார்க்கும் பட்டறைகள் உண்டு; அங்கே ஒரே டப்பாவில் இரண்டும் கலந்து கிடந்தால் ஆபத்து. 37 டிகிரி இடத்தில் 45 டிகிரி நட்டும் குழாயும் போனால் கூம்பு ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும். ஹைட்ராலிக் அழுத்தத்தை அது தாங்காது.

அழுத்த வரம்பைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. 16 எஸ்ஸுக்கு 400 பார். உங்கள் 210 பாரும், பிரஸ் அடிக்கும்போது எழும் திடீர் ஏற்றமும் அதற்குள் அடங்கிவிடும். எல் வரிசையின் பெரிய அளவுகளில் வரம்பு வெகுவாகக் குறையும் என்பதால் 28 எல்லை ஒருபோதும் பிரஷர் பக்கம் மாற்றி மாட்ட முடியாதபடி தகட்டில் எழுதி வையுங்கள். நேர் ஃபிட்டிங்குக்கான வரம்பு கோண வடிவத்துக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாமல், பட்டியலில் அந்த வடிவத்துக்கு உரிய வரியைப் பாருங்கள். எல்போ ஒரே துண்டாக ஃபோர்ஜ் செய்யப்பட்டதாக இருக்கட்டும். இரண்டு துண்டுகளைப் பற்றவைத்துச் செய்தது விலை குறைவாகக் கிடைத்தாலும் துடிக்கும் லைனுக்கு வேண்டாம்.

இப்போது துருவைப் பற்றிச் சொல்கிறேன். கடலூர்-சிதம்பரம் சாலையின் ஓரமாக, உப்பனாற்றுக்கும் சாலைக்கும் இடையில் நிற்கும் எந்த இயந்திரமும் கடற்காற்றிலேயே நிற்கிறது. புதுச்சேரியில் மேட்டுப்பாளையமும் சேதராப்பட்டும் சற்று உள்ளே தள்ளி இருப்பதால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். அதே பெட்டியில் வாங்கிய ஃபிட்டிங் அங்கே பளபளப்போடு இருக்க, இங்கே வடகிழக்குப் பருவமழை ஒன்று கடப்பதற்குள் வெள்ளை பூத்து, பிறகு சிவப்பாகிறது. வெள்ளை என்பது ஜிங்க் பூச்சு தன்னை இழந்துகொண்டிருப்பது. சிவப்பு என்பது அடியிலுள்ள எஃகே போகத் தொடங்கிவிட்டது. சாதாரண ஜிங்க் பூச்சுள்ள ஃபிட்டிங்குகளுக்குத் தரவிதிகள் கேட்பது உப்புத் தெளிப்புச் சோதனையில் 72 மணி நேரம் சிவப்புத் துரு வராமல் இருப்பதைத்தான். ஜிங்க்-நிக்கல் பூச்சுக்கு நல்ல தயாரிப்பாளர்கள் 720 மணி நேரமும் அதற்கு மேலும் உறுதி தருகிறார்கள். 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்பு நீரைத் தொடர்ந்து தெளிக்கும் சோதனை அது. அந்த மணி நேரத்தை அப்படியே ஆண்டுக்கணக்காக மாற்ற முடியாது. ஆனால் இரண்டு பூச்சுகளை ஒப்பிட அது நேர்மையான அளவுகோல். வாங்கும்போது பளபளப்பையோ மஞ்சள் நிறத்தையோ பார்த்து முடிவு செய்யாமல், சோதனை மணி நேரம் எழுதப்பட்ட சான்றைக் கேளுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் அதுவே எல்லாவற்றுக்கும் தீர்வு என்று எண்ணி வாங்க வேண்டாம். 304 இந்தக் காற்றுக்குப் போதாது. 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316-தான் வேண்டும். அதுவும் லாக் நட்டின் அடியிலும் வாஷரின் அடியிலும் உப்புநீர் தங்கும் இடுக்குகளில் குழிக்குழியாக அரிக்கப்படக்கூடும். 316 நட்டும் 316 மரையும் உராயும்போது ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. மரையில் ஆன்டி-சீஸ் பசை இல்லாமல் இறுக்கினால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கட்டிங் ரிங்கையும் 316 குழாயில் கையால் நம்பிக்கையாக ஏற்ற முடியாது. அதற்கான இயந்திரத்தில் முன்கூட்டி ஏற்றியே கொண்டுவர வேண்டும். விலையும் பல மடங்கு. விசைப்படகின் தளத்தில், வின்ச்சுக்குப் போகும் லைன் அலையில் நனையும் இடத்தில், நான் தயங்காமல் 316 என்பேன். வேதித் தொழிற்சாலையின் அமில ஆவி நேராக வந்து படும் இடத்தில் எந்த எஃகையும் முடிவு செய்வதற்கு முன் அங்கே என்ன ஆவி என்று தெரிந்துகொள்ள வேண்டும். குளோரைடு கலந்த அமில ஆவி 316-ஐயும் விடாது. உங்கள் கூண்டு இந்த இரண்டிலும் சேராதது என்று நீங்கள் எழுதியதிலிருந்து புரிகிறது. ஆகவே ஜிங்க்-நிக்கல் பூசிய எஃகு, அதன் மேல் மாட்டி முடித்தபின் பெட்ரோலேட்டம் டேப் சுற்று. இந்த டேப் பார்வைக்கு அழகாக இராது. ஆனால் மூட்டின் இடுக்குகளுக்குள் உப்புநீரை விடாது. ஸ்பேனர் போட வேண்டியபோது எளிதில் உரிந்துவரும்.

உலோகங்களைக் கலப்பதில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். சாதாரண எஃகு ஃபிட்டிங்கைப் பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் மாட்டினால், உப்பு ஈரம் படிந்தவுடன் சிறிய ஃபிட்டிங்தான் வேகமாகக் கரையும். பரப்பு எவ்வளவு சிறியதோ கரைவது அவ்வளவு வேகம். 316 உடலுக்குச் சாதாரண ஜிங்க் லாக் நட் போடுவதும் அதே தவறுதான், அதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் கூண்டு சாதாரண எஃகு என்பதால் எஃகு ஃபிட்டிங் பொருத்தமாகவே இருக்கும். இன்னொரு விலக்கு: எண்ணெய்க்குப் பதிலாக எளிதில் தீப்பிடிக்காத வாட்டர்-கிளைகால் திரவம் ஓடும் லைன் என்றால், அந்தத் திரவம் ஜிங்கைத் தாக்கும்; திரவம் தொடும் பக்கம் ஜிங்க் இருக்கக் கூடாது.

தகட்டுக்கு வருவோம். 8 மி.மீ. நல்ல கனம். எல்போவின் நீண்ட கால் அந்தக் கனத்தையும் கடந்து, லாக் நட்டும் முழுமையாக ஏறி, அதற்கு மேல் குழாயின் நட்டுக்கும் மரை மீதி இருக்க வேண்டும் என்பதால், பட்டியலில் சொல்லியிருக்கும் அதிகபட்சத் தகட்டுக் கனத்தைப் பார்த்து வாங்குங்கள். வாஷர் சேர்த்தால் அதன் கனத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 3 மி.மீ.க்கும் குறைந்த தகட்டில் எல்போ மாட்ட நேர்ந்தால், பின்னால் 6 மி.மீ. தகட்டுத் துண்டொன்றைப் பற்றவைத்துவிட்டே மாட்ட வேண்டும். மெல்லிய தகடு தபலாவின் தோல் போல அதிரும். துளை மரையின் வெளிவிட்டத்தைவிட அரை மி.மீ. பெரிதாக இருந்தால் போதும். கேஸ் கட்டரால் வெட்டிய கோணல் துளையில் எல்போவின் தோள் பாதிதான் தகட்டில் படும். துளைகளுக்கு இடையே எல்போ சுழல்வதற்கும், உள்ளே ஸ்பேனரின் தலை திரும்புவதற்கும் இடம் விட்டுக் குறியிடுங்கள். மூன்றையும் ஒரே வரிசையில் நெருக்காமல் நடுவில் இருப்பதைச் சற்றுத் தாழ்த்தினால் வேலை எளிதாகும்.

தோளும் லாக் நட்டும் படியும் வட்டத்தில் பெயிண்ட்டை, குறிப்பாகக் கனமான பவுடர் கோட்டிங்கை, சுரண்டி எடுத்துவிடுங்கள். அழுத்தப்பட்ட பூச்சு மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பிதுங்கும். நட்டு யாரும் தொடாமலேயே தளரும். சுரண்டிய இடத்தில் ஜிங்க் பிரைமர் மெல்லியதாக ஒரு கோட்டு. வெளிப்பக்கம் தோளின் அடியில் ஒரு டௌட்டி வாஷர் (ரப்பர் விளிம்புள்ள உலோக வாஷர்) வைத்தால் மழைநீர் துளை வழியே கூண்டுக்குள் வராது. எண்ணெயைத் தடுப்பது இந்த வாஷரும் அல்ல, லாக் நட்டும் அல்ல; எண்ணெய் இரு முனைக் கூம்புகளில்தான் நிற்கிறது. கசிவைக் கண்டவுடன் லாக் நட்டை மேலும் மேலும் இறுக்குவது வீண்.

உள்ளே வரும் குழாயைப் பற்றிக் கேள்வியில் எதுவும் இல்லை; ஆனால் பல்க்ஹெட்டின் ஆயுளில் பாதி அங்கேதான் தீர்மானமாகிறது. பம்பின் பக்கத்து மூட்டுக்கும் தகட்டுக்கும் இடையே குழாய் ஒரு வளைவுகூட இல்லாமல் நேர்கோடாக ஓடக் கூடாது. 2 மீட்டர் எஃகுக் குழாய் கூண்டைவிட 30 டிகிரி சூடானால் 0.7 மி.மீ. நீள முயலும். இரு முனைகளும் அசையாமல் பிடித்திருந்தால் 16 × 2 குழாய் 600 கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு பல்க்ஹெட்டை வெளியே தள்ளும். ஒரே ஒரு வளைவு அந்த விசையை விழுங்கிவிடும். குழாயைக் கழற்றி எடுக்கவும் அதுவே உதவும். எண்ணெய் அழுத்தம் மட்டுமே 210 பாரில் அந்தக் குழாயைக் கட்டிங் ரிங்கிலிருந்து ஏறத்தாழ 430 கிலோ விசையோடு வெளியே இழுக்கிறது என்பதால், ரிங் சரியாகக் கடித்திருக்கிறதா என்பது அலட்சியம் செய்யத்தக்கதல்ல. ஹைட்ராலிக்குக்கென்றே வரும் மடிப்பில்லாக் குழாயாக இருக்க வேண்டும். முனை செங்கோணத்தில் வெட்டியிருக்க வேண்டும். ரிங்கை எல்போவின் மரையிலேயே வைத்து ஏற்றாமல், கடினப்படுத்திய தனி அச்சில் ஏற்றிக்கொண்டு, ரிங்கின் முன்னால் குழாயின் எஃகு எழும்பி நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டே மாட்ட வேண்டும். நட்டுக்குப் பின்னால், அந்த நட்டின் உயரத்தைப் போல இரு மடங்கு நீளமாவது குழாய் நேராக இருக்க வேண்டும். வளைவு அதன் பிறகே தொடங்கட்டும்.

மாட்டும் வரிசையும் முக்கியம். முதலில் எல்போவைத் துளையில் நுழைத்து லாக் நட்டைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். ஹோஸைக் கையிறுக்கமாக மாட்டி, அது கால்வாய்க்குள் இயல்பாக விழும் திசையை எல்போ தானே தேடிக்கொள்ளும்படி விடுங்கள். அந்தத் திசையில் எல்போவின் உடலை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை முழுமையாக இறுக்குங்கள். பிறகு உள்ளே குழாயின் நட்டு, கடைசியில் வெளியே ஹோஸின் நட்டு. இரண்டையும் இறுக்கும்போது எல்போவின் உடலில் இரண்டாவது ஸ்பேனர் இருந்தே ஆக வேண்டும். 45 டிகிரியில் ஹோஸ் நட்டை இறுக்கும் விசையில் பெரும்பங்கு எல்போவையே சுழற்றப் பார்க்கும்; ஒற்றை ஸ்பேனரோடு இறுக்குபவர் அப்போதே லாக் நட்டைத் தளர்த்திவிடுகிறார். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்பதை அதன் மேல் அச்சிட்டிருக்கும் நீளக் கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இறுக்கி முடித்தவுடன் எல்போவின் உடலிலிருந்து தகடு வரை வெளியே ஒரு பெயிண்ட் கோடும், லாக் நட்டிலிருந்து தகடு வரை உள்ளே இன்னொன்றும் இழுத்துவிடுங்கள். வெளியே டேப் சுற்றும்போது அந்தக் கோடு மறையாமல் தகட்டில் சற்று நீட்டி விடுங்கள். முதல் நாள் முழு அழுத்தத்தில் ஓடிய பிறகும், முதல் மாத முடிவிலும், பிறகு ஒவ்வொரு பராமரிப்பு நிறுத்தத்திலும் இந்தக் கோடுகள் உடைந்திருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். கோடு விலகாத எல்போவைத் தொட வேண்டியதில்லை. கசிவைச் சந்தேகித்தால் ஓடும் லைனின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்க்க ஒருவரையும் அனுமதிக்காதீர்கள். 210 பாரில் ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். காயம் சிறு புள்ளியாகவே தெரியும், ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலை இழக்க நேரிடும். ஓர் அட்டைத் துண்டை லைனுக்கு எதிரே பிடித்து எண்ணெய் படுகிறதா என்று பாருங்கள். இறுக்க வேண்டியது தெரிந்தால் பம்பை நிறுத்தி, அக்யூமுலேட்டர் (அழுத்தத்தோடு எண்ணெயைச் சேமிக்கும் கலம்) இருந்தால் அதையும் வடித்து, கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகே ஸ்பேனரை எடுக்கச் சொல்லுங்கள்.